பம்பாய்க்காரருக்கு ஒரு இலை

காசிமாயனின் கீழ்ப் பல்செட்டு வாயை விட்டுப் பறந்ததைக் குருவம்மாள் தன் கண்ணாலேயே பார்த்தாள்.

குரங்கணிக்கு மேலே பாதை திடீரென்று வளைகிற இடம் அது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் அதலபாதாளம், அடியில் ஓடை. ஏலக்காய் மூட்டை சுமந்த கோவேறு கழுதைகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. முன்னால் போவது மைனா. மைனா நின்றால் மற்றதெல்லாம் நிற்கும். எதிரே மருதாயி புல்லுக்கட்டோடு ஏறி வந்தாள். கழுதைகள் நின்றாக வேண்டும். அதற்கு அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்த கட்டளை ஒன்றே ஒன்றுதான்: காசிமாயன் இரண்டு விரலை வாய்க்குள் மடித்து வைத்து அடிக்கிற விசில்.

அடித்தான். விசில் வரவில்லை. செட்டுதான் வந்தது. பாறையில் 'டக்'கென்று பட்டு எகிறி ஓடைக்குள் போய்விட்டது. மைனா பாட்டுக்கு நடந்தது. மருதாயி புல்லுக்கட்டைப் போட்டுவிட்டுப் பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினாள். குருவம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிப்போய் மைனாவின் கயிற்றைப் பிடித்து இழுத்ததால் ஒரு உயிர் தப்பியது.

"போச்சா?" என்றாள் மூச்சிரைக்க.

"போச்சு" என்றான் அவன் வாயைப் பொத்திக்கொண்டு.

"நல்லாப் போச்சு! கழுதைக்கு விசில் அடிப்பாருன்னு பாத்தா, ஓடை மீனுக்குப் பல்லு கட்டி விடுறாரு எம் புருசன்!"

மருதாயிக்கு நடுக்கத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பின்னால் வந்த எஸ்டேட் மேஸ்திரி பேச்சிமுத்து சிரிக்கவில்லை.

"காசி அண்ணே, ரெண்டு வருசமா பாத்துட்டேன். அண்ணி ஓடிப் பிடிச்சாத்தான் கழுதை நிக்குதுன்னா, என்னைக்காவது ஒருத்தர் பள்ளத்துல கிடப்பாங்க. இந்த வருசமும் வர்ற வருசமும் எப்படியாச்சும் சமாளிங்க. அதுக்கடுத்த காய் எடுப்புல உங்க வாயில விசில் இல்லேன்னா, லோடு உங்களுக்கு இல்ல. மனசுல வச்சுக்கிறாதீங்க."

காசிமாயன் தலையை மட்டும் ஆட்டினான். விசில் இருந்த காலத்தில் அவன் போடிமெட்டுப் பக்கம் நின்று அடித்தால் குரங்கணியில் நாய் குரைக்கும் என்பார்கள். பொய்தான், ஆனால் சொல்லிக்கொள்ள ஆசையான பொய். எல்லாம் இதே மைனா உதைத்த ஒரு உதையோடு போனது. கீழ்த்தாடையின் முன்பக்கம் நொறுங்கி, பல்லும் எலும்பும் சேர்ந்தே போய்விட்டன. "வேற வீடா இருந்தா அந்தக் கழுதையை அன்னைக்கே வித்திருப்பாங்க. எங்கண்ணன் அதுக்குக் கொள்ளு அவிச்சுப் போடுறாரு" என்று அவன் தங்கை பாண்டியம்மாள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

மறுநாளே குருவம்மாள் அவனைப் போடிக் கடைவீதிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சவுகத் அலி கடையில் ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்களில் அவளும் ஒருத்தி. லோடு இல்லாத நாளெல்லாம் அங்கேதான் சோலி. அந்தக் கடை மாடியில்தான் சவுகத் அலியின் மகள் மெஹ்ராஜ், மெட்ராசில் பல் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்து புதிதாகப் பலகை மாட்டியிருந்தாள். எண்பத்தேழாம் வருஷம். பெயிண்ட் வாசனைகூடப் போகவில்லை.

"வாயத் தொறங்கண்ணே... இன்னும் கொஞ்சம்... ம்ம். மறுபடி செட்டு பண்ணிக் குடுத்தா மறுபடியும் பறக்கும்."

"ஏன் பாப்பா?" என்ற குருவம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஏன் டாக்டரம்மா?"

"பாப்பான்னே கூப்பிடுங்கக்கா. செட்டு உக்கார மேடு வேணும்ல? இங்க பாருங்க. மேல தோட்டத்துல மண்ணு சரிஞ்சு வெறும் பாறை தெரியும்ல, அப்படிக் கிடக்கு அண்ணன் தாடை. கீழுதட்டுக்கும் முட்டுக் குடுக்க ஆளில்ல. பிறகு எங்கருந்து விசில் வரும்?"

"அப்ப வழியே இல்லையா?"

மெஹ்ராஜ் நாற்காலியைச் சர்ரென்று இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி அவள் முகம் மலர்ந்தது.

"இருக்கு! டைட்டானியம்னு ஒரு உலோகம். அதுல சின்னத் திருகு பண்ணி எலும்புக்குள்ள இறக்கிட்டா, எலும்பு அதைத் தன்னோட சேத்து இறுக்கிப் பிடிச்சுக்கிரும். அதுமேல பல்லு. கழட்டவும் வேண்டாம், கழுவி டம்ளர்ல போடவும் வேண்டாம். மெட்ராஸ்ல எங்க சார் இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காரு. இந்தப் பக்கத்துல ஒருத்தருக்கும் பண்ணினதில்ல. நான் சொன்னா மதுரைக்கு வந்து பண்ணித் தருவாரு, செலவும் அவரே பாத்துக்குவாரு. அண்ணே, விசில் என்ன, சங்கே ஊதலாம்!"

காசிமாயன் எழுந்தே விட்டான். "இன்னைக்கே இறக்கிரு தாயி!"

"உக்காருங்கண்ணே. சரிஞ்ச இடத்துல ஏலச்செடி நட்டா நிக்குமா? முதல்ல மண்ணு அணைக்கணும். முதல்ல எலும்பு, பிறகுதான் திருகு."

"மண்ணை எங்கிட்டு அள்ளுறது?" என்றாள் குருவம்மாள்.

"அதாங்க்கா கேள்வி!" மெஹ்ராஜ் மேசை மேல் இரண்டு சின்னப் பாட்டில்களை வைத்தாள். ஒன்றில் கல் உப்பு மாதிரி வெள்ளைத் துகள். "இது மருந்துக் கம்பெனியில செஞ்சது. எலும்புல இருக்கிற சத்தையே சுட்டுக் கட்டியாக்கி உடைச்சது." இன்னொன்றில் பழுப்பேறிய நொய். "இது நெசமான மனுச எலும்பு. செத்தவங்க தானமாக் குடுத்தது. சுத்தம் பண்ணிக் காயவச்சுப் பொடிச்சு, பம்பாயிலருந்து வந்திருக்கு. இது ரெண்டும் வேண்டாம்னா, அண்ணனோட இடுப்பெலும்புலருந்தே ஒரு வில்லை வெட்டி எடுத்து வைக்கலாம். எது தோதுப்படும்னு எக்ஸ்ரே பாத்துட்டுத்தான் சொல்லுவேன்."

குருவம்மாள் பழுப்புப் பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கேட்டாள்: "இவர் பேரு என்ன?"

"தெரியாதுக்கா."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"அதுவும் தெரியாது."

"பேரு தெரியாம எப்படி பாப்பா வீட்டுக்குள்ள கூட்டிட்டு வர்றது?"

வீட்டுக்கு நடக்கும்போது வழியெல்லாம் அவள்தான் பேசினாள். "பம்பாய்க்காரர் வந்தா வரட்டும். கம்பெனித் துகளும் வரட்டும். ஆனா உன் இடுப்புல கத்தி வைக்க நான் விடமாட்டேன், சொல்லிப்புட்டேன். அந்த இடுப்பை நம்பித்தான் நீ மலை ஏறுற. முருங்கைக் காயா, ஒண்ணு ஒடிச்சா இன்னொண்ணு காய்க்க?"

அடுத்த வாரம் காசிமாயன் தனியாகப் போய் வந்தான். "என்ன சொல்லுச்சு பாப்பா?" என்றாள்.

"பாட்டிலுதான்" என்றான். சொல்லிவிட்டு, ஏற்கனவே கொள்ளு தின்று முடித்த மைனாவுக்கு மறுபடியும் கொள்ளு வைக்கப் போய்விட்டான்.

பாட்டில் என்றால் பம்பாய்க்காரர். குருவம்மாளுக்கு அதில் சந்தேகமே இல்லை. அவர் இனி ஆயுசுக்கும் தன் புருசன் தாடையில் குடியிருக்கப் போகிறவர். தன் வீட்டுக் கஞ்சியை அவரும் சேர்ந்துதான் மெல்லப் போகிறார். அப்படியென்றால் அவர் தன் வீட்டுச் சாமி. வீட்டில் செத்தவர்களுக்கு இலை போட்டுத் துணி வைத்துக் கும்பிடுகிற மாதிரி, மதுரைக்குப் புறப்படும் முன் அவருக்கும் ஒரு படையல் போட வேண்டாமா?

புறப்படுவதற்கு முந்தின நாள், உச்சிப்பொழுதில் வாசலைக் கழுவிக் கோலம் போட்டுத் தலைவாழை இலை விரித்தாள். பாண்டியம்மாள் உதவிக்கு வந்தாள். உதவியைவிட வாய்தான் அதிகம்.

"மதினி, வேட்டி வைக்கவா, சேலை வைக்கவா?"

"ரெண்டையும் வை. யாரோ, எவரோ."

"பம்பாய்க்காரர் நம்ம சோத்தைத் திம்பாரா?"

"அதுக்குத்தான் பாப்பாவோட அம்மா அக்தர் பானு அக்காகிட்டச் சொல்லிக் கோதுமை ரொட்டி சுட்டு வாங்கியாந்தேன்."

"கறி?"

"ஓரமா வை. வேண்டாம்னா ஒதுக்கிக்கிறட்டும்."

"நம்ம பேசுறது அவருக்குப் புரியுமா மதினி? இந்தியில கூப்பிடணுமோ?"

"பசிக்கு எந்தப் பாசைடி? வாய மூடிக்கிட்டுச் சூடத்தைக் கொண்டா."

காசிமாயன் கதவோரம் நின்றான். குளிரடிக்கிற தை மாதத்தில் அவனுக்கு முகமெல்லாம் வேர்த்து வடிந்தது.

"வாய்யா, வந்து விழுந்து கும்பிடு. 'பேரு தெரியாத சாமி, எந் தாடையில வந்து உக்காரு'ன்னு சொல்லு."

"அதெல்லாம் எதுக்குத் தாயி..."

"விழுறியா, நான் தள்ளி விடவா?"

விழுந்தான். முணுமுணுத்தான். அந்த நேரம் பார்த்து மெஹ்ராஜ் சந்துக்குள் நுழைந்தாள். "அண்ணே, நாளைக்கு முதல் பஸ்சு..." என்று ஆரம்பித்தவள் இலையையும் சூடத்தையும் பார்த்து நின்றாள். "யாருக்குக்கா படையல்?"

"நம்ம பம்பாய்க்காரருக்குத்தான் பாப்பா. அண்ணன் தாடைக்கு வரப்போறாருல்ல."

"அவர் எங்க வர்றாரு? அது பெரிய பள்ளம்க்கா, நொய்யை மட்டும் கொட்டி மூட முடியாது, உயிருள்ள எலும்பு வேணும். இடுப்பெலும்புதான்னு அண்ணன்கிட்ட அன்னைக்கே சொன்னேனே!"

எல்லோரும் காசிமாயனைப் பார்த்தார்கள். அவன் விழுந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கிற உத்தேசமும் இருப்பதாகத் தெரியவில்லை.

பாண்டியம்மாள்தான் முதலில் கணக்கைச் சேர்த்தாள். நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, "அப்ப... வரப்போற எலும்பு அண்ணனோடதுன்னா, நாம படையல் போட்டது..."

"ஐயோ!" என்றாள் குருவம்மாள். "உசுரோட இருக்கிற மனுசனுக்கே படையல் போட்டேனே! வேட்டி வேற வச்சேனே! பாவி மனுசா, உன் படையலுக்கு நீயே விழுந்து கும்பிட்டியே!"

"நீதானே தள்ளி விடுவேன்ன..."

"காக்கா!" என்று பாண்டியம்மாள் கத்தினாள்.

எதிர்வீட்டு ஓட்டு விளிம்பில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்து இலையைப் பார்த்தது. அது ரொட்டியில் வாய் வைத்துவிட்டால் படையலை ஏற்றுக்கொண்டதாகிவிடும். ஏற்றுக்கொண்டால்? குருவம்மாளின் மூளை மின்னலாக வேலை செய்தது.

"எந்திரிய்யா! எந்திரிச்சு இலையில உக்காரு! காக்கா தொட்டாத்தான் படையலு. நீ தின்னுட்டா அது வெறும் சாப்பாடு. தின்னு, வெரசா தின்னு!"

காசிமாயன் பாய்ந்து உட்கார்ந்தான். காக்கை சுவருக்கு இறங்கியது. பாண்டியம்மாள் முறத்தை எடுத்து வீசினாள். மெஹ்ராஜ், மெட்ராசில் படித்த டாக்டர், துப்பட்டாவைச் சுழற்றிக்கொண்டு "ச்சூ! ச்சூ!" என்று வாசலை வலம் வந்தாள். முன்பல் இல்லாதவன் ரொட்டியை எப்படிப் பிய்ப்பான்? கடைவாயில் கொடுத்து ஆட்டுக்குட்டி மாதிரி தலையைத் திருப்பித் திருப்பி இழுத்தான்.

"குழம்புல நனைச்சு முழுங்குய்யா!"

"அடைக்குது..."

"அடைச்சா அடைக்கட்டும், தண்ணி இருக்கு! கறியை விடாத! சோத்துல ஒரு பருக்கை மிஞ்சக்கூடாது!"

"அண்ணே, இந்தப் பக்கம் வருது!"

"பாண்டி, அடி அதை! ஐயோ அடிக்காத, சாமி! விரட்டு, மெதுவா விரட்டு!"

இலை காலியாயிற்று. காக்கை ஒரு தரம் கரைந்துவிட்டு வேறு வீடு பார்த்துப் போனது. காசிமாயனுக்கு விக்கல் எடுத்தது. நாலு பேரும் அவரவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். பிறகு யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. குருவம்மாள் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

"ஏய்யா பொய் சொன்ன?"

"நெசத்தைச் சொன்னா நீ விடமாட்ட."

"விடமாட்டேன்தான். இப்பவும் விடமாட்டேன். ஏறுற இடுப்பு போனா என்னய்யா பண்ணுவ?"

அவன் விக்கிக்கொண்டே சொன்னான்: "ஏத்துறது இடுப்பு. நிப்பாட்டுறது விசிலு. அன்னைக்கு மருதாயி பாறையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னா பாரு, அதுலருந்து எனக்குத் தூக்கமில்ல குருவு. நிப்பாட்டத் தெரியாதவன் ஏறி என்ன புண்ணியம்?"

குருவம்மாள் இலையை மடக்கி ஓரமாக வைத்தாள். மெஹ்ராஜ் பக்கம் திரும்பினாள்.

"பாப்பா, எனக்கு நேராச் சொல்லு. இடுப்புல வெட்டினா மலை ஏறுவாரா?"

"கொஞ்ச நாள் நொண்டுவாரு. கம்பு ஊணி நடப்பாரு. பிறகு ஏறுவாரு."

"சத்தியமா?"

"சத்தியம் பண்ண முடியாதுக்கா. வலி தங்கினாலும் தங்கலாம். வச்ச எலும்பு ஒட்டாமக் கரைஞ்சும் போகலாம். ஒட்டும்னு நம்பித்தான் நாங்களும் கை வைக்கிறோம்."

சத்தியம் பண்ணியிருந்தால் குருவம்மாள் நம்பியிருக்க மாட்டாள். இந்தப் பதில் அவளுக்குப் பிடித்தது.

"சரி, எடுத்துக்க. ஆனா இடது பக்கமா எடு. ஏத்தத்துல வலது காலைத்தான் முதல்ல எடுத்து வைக்கிறாரு."

மதுரை ஆஸ்பத்திரியில் அறுவை அறையின் கதவு திறந்தபோது மெஹ்ராஜ் ஓடித்தான் வந்தாள். முகமூடி கழுத்தில் தொங்கியது.

"முடிஞ்சதுக்கா! எலும்பை வெட்டி எடுத்து, தாடை வளைவுக்குச் செதுக்கி, கம்பி வச்சு முடுக்கியாச்சு. அச்சா உக்காந்துருச்சு! எங்க சாரே கை தட்டினாரு. ஓரத்துல மட்டும் சின்னச் சின்னச் சந்து இருந்துச்சு, அதை அடைக்கப் பாட்டில்லருந்து ஒரு சிட்டிகை..."

"எந்தப் பாட்டிலு?"

மெஹ்ராஜ் கழுத்தில் தொங்கிய முகமூடியின் முடிச்சை அவிழ்க்கப் போனாள்.

"பாப்பா, எந்தப் பாட்டிலு?"

"பம்பாய்ப் பாட்டிலுதான்."

குருவம்மாள் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். "அப்ப அவரும் வந்துட்டாரா? அவருக்கு வச்ச இலையை இவரு தின்னுல்ல தீத்துட்டாரு! முதல் நாளே குடிவந்த மனுசரைப் பட்டினி போட்டுட்டோமே!" சுவரைப் பார்த்துக் கும்பிட்டாள். "சாமி, கோவிச்சுக்காத. எலும்பு ஒட்டட்டும். இவரு விசில் அடிக்கிற அன்னைக்கு, அந்த வளைவுலயே உனக்கு இலை போடுறேன். அன்னைக்கு யாரும் உன் சோத்துல கை வைக்க மாட்டாங்க."

காசிமாயன் நொண்டினான், கம்பு ஊன்றினான், கஞ்சியாகக் குடித்தே வெறுத்துப்போனான். அந்த வருஷத்துக் காய் எடுப்பு முழுக்கக் குருவம்மாளும் பாண்டியம்மாளும்தான் கழுதைகளை ஓட்டினார்கள். ஒருத்தி மைனாவின் கயிற்றை விடாமல் முன்னால், இன்னொருத்தி பின்னால். ஒவ்வொரு எக்ஸ்ரேவுக்கும் குருவம்மாள் கூடவே போய், கறுப்புப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "எங்க, பம்பாய்க்காரர் எங்க உக்காந்திருக்காரு?" என்று கேட்டாள். "இப்ப ரெண்டு பேரையும் பிரிச்சுச் சொல்ல முடியாதுக்கா" என்றாள் மெஹ்ராஜ். ஒட்டிவிட்டது! பிறகு திருகு இறங்கியது. திருகை எலும்பு பிடிக்க மறுபடியும் மாதக்கணக்கில் பொறுக்க வேண்டியிருந்தது. அடுத்த காய் எடுப்பும் வந்து போனது. அதற்கடுத்த சித்திரையில்தான் பல் வந்தது. உடனே இரண்டு விரலை வாய்க்குக் கொண்டுபோனவனின் கையில் மெஹ்ராஜ் பட்டென்று அடித்தாள். "நான் சொல்ற வரைக்கும் கூடாது!"

அவள் சரி என்று சொன்ன ஆவணி மாதக் காலையில், பின்னால் பாண்டியம்மாள் ஓட்டிவர, புதுக்காயின் முதல் லோடு மேலேயிருந்து புறப்பட்டது. பேச்சிமுத்து தந்த கெடு அன்றைக்குத்தான். அவனும் வளைவில் வந்து நின்றான். ஜீப்பில் குரங்கணி வரை வந்து மீதித் தூரம் நடந்தே ஏறிய மெஹ்ராஜுக்குக் கால் பின்னியது. குருவம்மாள் பாறைமேல் இலை விரித்து, அக்தர் பானு சுட்ட ரொட்டியும் கறியும் வைத்துச் சூடம் கொளுத்தினாள். மழை விட்டிருந்தது. காக்கையை மட்டும் காணோம்.

மேலே கழுதை மணிச் சத்தம் கேட்டது. கீழேயிருந்து மருதாயி, அதே மருதாயி, புல்லுக்கட்டோடு ஏறிக்கொண்டிருந்தாள்.

"அடிக்கவா?" என்றான் காசிமாயன். விரல் இரண்டும் உதட்டுக்குப் போய்விட்டன.

"பொறுய்யா. அவர் சாப்பிடட்டும்."

"மைனா வருது."

"சத்தம் போட்டா காக்கா பறந்துரும். இன்னொரு தரம் அவரைப் பட்டினி போடவா?"

ஒரு காக்கை வந்தது! பாறை விளிம்பில் தத்தியது. ஒரு அடி வைக்கும், நிற்கும், பார்க்கும். மைனா வளைவில் தலையை நீட்டிவிட்டது. மூட்டையின் பாரம் அதைத் தள்ளிக்கொண்டு வந்தது. பேச்சிமுத்து கயிற்றைப் பிடிக்க இரண்டடி எடுத்து வைத்தான்.

"குருவு..."

"இந்தா, கிட்டப் போயிருச்சு..."

"மருதாயி வர்றாடி!"

குருவம்மாள் காக்கையைப் பார்த்தாள். மருதாயியைப் பார்த்தாள். "அடிய்யா!" என்று கத்தினாள்.

அடித்தான். அது விசிலா! பாறையில் மோதி, ஓடைக்குள் இறங்கி, எதிர்மலை ஏறித் திரும்பி வந்தது. மைனா ஆணி அடித்த மாதிரி நின்றது. பின்னால் வந்ததெல்லாம் ஒன்றன் மேல் ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. மருதாயி கட்டைக்கூட இறக்காமல் அவற்றைத் தாண்டி ஏறினாள். மெஹ்ராஜ் ஓடிப்போய்க் காசிமாயனின் வாயைப் பிடித்து உள்ளே பார்த்தாள். ஒரு பல்லும் அசையவில்லை. அழுதுகொண்டே சிரித்தாள். பேச்சிமுத்து தலைத்துண்டை அவிழ்த்து மேலே எறிந்தான்.

குருவம்மாள் மட்டும் பயந்து பயந்து பாறைப் பக்கம் திரும்பினாள். காக்கையைக் காணோம். இலையில் ரொட்டியையும் காணோம்.

அண்ணாந்து பார்த்தாள். ஓடைக்கு மேலே, முழு ரொட்டியையும் கவ்விக்கொண்டு, பாரம் தாங்காமல் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டு அது பறந்து போனது.

"வாங்கிட்டாரு!" என்று அவள் கூவினாள். "வாங்கிட்டாருய்யா! இன்னொண்ணு அடி!"